ஒன்றை அழுத்தினால் மச்சான்

வாங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், அதற்கு ஒரு கால் நொண்டி. இந்த அடுக்கின் மேலே இருப்பதை உருவிப் போட்டு உட்காருங்க. வெள்ளைச் சேராச்சே என்று தயங்காதீங்க, கழுவி வைத்ததுதான். துக்க வீட்டுக்குப் போய் வந்த சேர் என்றால் என்ன, உட்கார்ந்தால் கடிக்கவா போகிறது? நான் தினமும் இதில்தான் உட்காருகிறேன்.

போன் சர்வீஸை ஒரு மாசம் இலவசமாகக் கொடுத்தாச்சு, மேற்கொண்டு வைத்துக்கொள்வீங்களா, எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் போடலாம் என்று கேட்கத்தானே மதுரையிலிருந்து சின்னமனூருக்கு பஸ் ஏறி வந்திருக்கீங்க? நட்சத்திரத்தில் சொல்லக்கூடிய விஷயமா தம்பி இது? அந்தப் பலகையை, அதான் அந்த டேப்லெட்டை, மடியில் வையுங்க. நான் முதலிலிருந்து சொல்கிறேன். பாரபட்சம் இல்லாமல் சொல்வேன். யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்க, தெய்வேந்திரன் ஒரு பக்கமாகப் பேச மாட்டான் என்பார்கள்.

வெளியே போர்டில் ஜோதி சாமியானா என்று பார்த்தீங்க இல்லையா? ஜோதி என் வீட்டுக்காரி. முழுப்பேர் நாகஜோதி. ஆனால் கடையை ஆரம்பித்தது அவளுடைய அண்ணன் பவுன்ராஜ். எனக்கு மச்சான். தங்கச்சி பேரில் கடை போட்டார், அப்புறம் தங்கச்சியைக் கட்டிக்கொண்டவனையும் கடையில் சேர்த்துக்கொண்டார். பந்தல், சேர், சமையல் பாத்திரம், மணவறை, ஐஸ் பெட்டி எல்லாம் உண்டு. கல்யாணத்துக்கும் நாங்கள்தான், கருமாதிக்கும் நாங்கள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே போன் நம்பர். சீலையம்பட்டியிலிருந்து உத்தமபாளையம் வரைக்கும் சுவர் சுவராக எழுதிப் போட்டிருக்கிறோம். பெற்ற பிள்ளையின் நம்பரைக் கேட்டால் முழிக்கிற ஆட்கள்கூட எங்கள் நம்பரைத் தூக்கத்தில் சொல்வார்கள்.

அப்புறம் ஏன் பிரிந்தீங்க என்று நீங்க கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உங்கள் சர்வீஸ் எங்களுக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதே அதில்தான் இருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் மார்க்கையன்கோட்டையிலிருந்து போன் வந்தது. எடுத்தது நான்.

"ஐஸ் பெட்டி வேணுமுங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துரணும். சனம் நெறைய வரும்."

பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நம் தொழிலில் கேட்க வேண்டியதை முறையாகக் கேட்டேன். பெட்டியின் நீளம் பார்க்க வேண்டும் இல்லையா?

"ஆம்பளையா, பொம்பளையாங்க?"

"பொண்ணு வீடுங்க."

"வயசானவுகளா?"

"இல்லைங்க, சின்னப் பொண்ணு. இருபத்திமூணுதான் ஆகுது."

"அடடா. எப்படிங்க இப்படித் திடீர்னு?"

"எல்லாம் திடீர்னு கூடி வந்துருச்சுங்க. நேத்து ராத்திரிதான் முடிவாச்சு."

"மனசைத் தேத்திக்கங்க" என்றேன்.

அந்த ஆள் "ஆமாங்க, என்னைக்கா இருந்தாலும் அனுப்பி வைக்க வேண்டியவதானே" என்றார். குரல் கம்மிப் போயிருந்தது.

நீங்களே சொல்லுங்க தம்பி, இதில் என் பக்கம் என்ன தப்பு? ஒவ்வொரு கேள்வியும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் குட்டி யானை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது யார்? மச்சான். அங்கே பூ வைக்கிற விசேஷம். அவர்கள் கேட்டது ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டியாம். சந்து குறுகல், மச்சான் வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இவர் இறங்குவதற்குள், பெட்டி வந்துருச்சு, பெட்டி வந்துருச்சு என்று வீட்டு ஆட்களே தார்ப்பாயோடு தூக்கிக்கொண்டு போய் நடு வீட்டில் வைத்துப் பிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்ற உட்கார்ந்திருக்கிறார்கள். பொண்ணுக்குப் பெரியம்மா அப்படியே மயங்கிச் சாய்ந்துவிட்டது. பொண்ணு வீட்டு ஆட்கள் பிடித்து உலுக்கியதில் மச்சானின் சட்டைப் பை தனியாகக் கையோடு வந்துவிட்டது. பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனால் வாசலில் வாழைமரம் கட்டியிருப்பது எப்படித் தெரியும்? ஓட்டுகிறவர் கொஞ்சம் கவனித்திருந்தால் ஒரு விசேஷம் கெட்டிருக்காது. அதை நான் சொல்லத்தான் செய்தேன். கிழிந்த சட்டையோடு அவர் வந்து நின்றபோதே சொன்னேன்.

அதற்கு அவர் என்ன கேட்டார் தெரியுமா? "உன் வாயில நல்ல சேதியே ஏறாதாடா?"

டா. கவனித்தீங்களா? தங்கச்சி புருஷனை, வீட்டு மாப்பிள்ளையை, சேர் இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் முன்னால் டா. அன்றைக்கு வரை மாப்ள, மாப்ள என்று தேனாக வந்த வாயில்.

அதோடு கடை இரண்டாயிற்று. "நல்லத நான் பாத்துக்கிறேன், கெட்டத நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். வண்ணச் சாமியானா, மணவறை, சமையல் பாத்திரம் எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருடைய ஷெட்டுக்குப் போயிற்று. வெள்ளைச் சாமியானாவும் வெள்ளைச் சேரும் பெட்டிகளும் இங்கே. எனக்கு வருத்தமே இல்லை. சாகிறவர்கள் முகூர்த்தம் பார்க்க மாட்டார்கள், வருஷம் முழுக்க வேலை. ஆனால் நம்பரை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் நின்றுபோயிற்று. விட்டுக்கொடுக்க அவருக்கும் மனசில்லை, எனக்கும் மனசில்லை.

பிரிந்தது பிரிந்தபடியே போகட்டும் என்றால், நடுவில் பாப்பாவின் காதுகுத்து வந்து நிற்கிறது. எங்கள் மகள் மகிழினிக்கு. வர்ற புதன்கிழமை, குலதெய்வக் கோயிலில். உங்களுக்குத் தெரியாததா, தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் காது குத்தணும். ஜோதிக்குக் கூடப் பிறந்தது மச்சான் ஒருத்தர்தான். பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று கிட்டத்தில் ஒருத்தரும் இல்லை. தட்டு வைத்து முறையாக அழைக்கப் போகணும், நான் போகவில்லை. ஜோதி மட்டும் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"அண்ணன் தட்டு கேக்கல, தாம்பூலம் கேக்கல. உங்க வாயால ஒரு வார்த்தை கூப்பிடச் சொல்லுது" என்றாள்.

"டா போட்டவர் முதல்ல பேசட்டும்" என்றேன்.

"அப்ப காதுகுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்கண்ணன் மடி இல்லாம எம்புள்ள காதுல ஊசி படாது" என்று சொல்லிவிட்டு, பாப்பாவுக்கு எடுத்த பட்டுப்பாவாடையை மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அண்ணனைப் போலவே பிடிவாதம். எனக்கு அந்தக் குணம் சுத்தமாகக் கிடையாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

நம்பர் சண்டை முற்றியிருந்த நேரத்தில்தான் இந்த விர்ச்சுவல் நம்பர் சமாச்சாரம் என் காதுக்கு வந்தது. எடுத்தோம் கவிழ்த்தோம் என்று உங்களிடம் வந்துவிடவில்லை, நாலு கம்பெனியில் விசாரித்தேன். ஒன்றில் ஒரு பெண் இந்தியில் பேசிக்கொண்டே போனது, நான் ம் ம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இன்னொன்றில் எங்களுக்கு எத்தனை கிளை, எத்தனை டிபார்ட்மெண்ட் என்று கேட்டார்கள். நல்லது, கெட்டது என்று இரண்டு டிபார்ட்மெண்ட் என்றேன். அவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லை. நீங்கதான் நேரில் வந்து புரியும்படி சொன்னீங்க. பழைய நம்பருக்கு வருகிற போனெல்லாம் உங்கள் கம்பெனி நம்பருக்குத் திரும்பிவிடும். அங்கே ஒரு குரல் பேசும். ஒன்றை அழுத்தினால் ஒருத்தருக்குப் போகும், இரண்டை அழுத்தினால் மற்றவருக்கு. அந்த நம்பருக்கு சிம் கிடையாது, உருவம் கிடையாது, எங்கேயோ மேலே இருக்கிறது என்றீங்க. "சாமி மாதிரியா தம்பி?" என்று ஜோதி கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா?

பழைய சிம்மைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். யாருக்கும் இல்லை என்றாகிவிட்டது. யார் ஒன்று, யார் இரண்டு என்பதில் ஒரு சின்ன இழுபறி. கல்யாணம் முதலில் வரும், சாவு அப்புறம்தான் வரும், வரிசையே அப்படித்தான் என்று அதையும் ஜோதியே தீர்த்துவைத்தாள். மச்சான் ஒன்று. நான் இரண்டு.

குரல் ஜோதியுடையதுதான். முதல் தடவை பதிவு பண்ணியபோது நடுவில் குக்கர் விசில் விழுந்துவிட்டது, இரண்டாம் தடவை பாப்பா வந்து "யாருகூடம்மா பேசுற?" என்றது. மூன்றாம் தடவை நன்றாக வந்தது. "வணக்கம். ஜோதி சாமியானா. நல்ல காரியத்துக்கு ஒன்றை அழுத்தவும். துக்க காரியத்துக்கு இரண்டை அழுத்தவும்." கேட்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது! நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாளே ஒரு அம்மா கடைக்கு நேரில் வந்துவிட்டது. "ஏம்ப்பா, மகளுக்குப் பந்தல் பேசலாம்னு சாமி முன்னால வெளக்கேத்தி வச்சுட்டுப் போனப் போட்டா, எடுத்த எடுப்புல துக்கங்கிறா ஒருத்தி! அவ வாயில கொஞ்சம் சீனியப் போடு!" ஜோதி அப்போது இங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு ரசத்தோடு முடிந்துவிட்டது.

சரி, துக்கம் என்ற வார்த்தையே வேண்டாம் என்று, "பந்தலுக்கு ஒன்று, பெட்டிக்கு இரண்டு" என்று மாற்றினேன். இதுவும் என் யோசனைதான். ஒரு பையன் இரண்டை அழுத்திவிட்டு வந்தான்.

"அண்ணே, நாலு பெட்டி வேணும்ணே."

"நாலா!" சேரைத் தேடி உட்கார்ந்துவிட்டேன். "விபத்தாப்பா?"

"திருவிழாண்ணே. மூலைக்கு ஒண்ணா நிப்பாட்டிக் கட்டிட்டோம்னா, போடுற போடுல ஊரே அதிரணும்."

பாட்டுப் பெட்டி கேட்கிறான்! தமிழில் எதற்கெடுத்தாலும் பெட்டி என்று பேர் வைத்தால் தொழில் செய்கிறவன் என்ன பண்ணுவான்? உங்கள் கம்பெனி இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். எழுதிக்கொள்ளுங்க.

கடைசியில் ஜோதி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "வண்ணப் பந்தலுக்கு ஒண்ணு, வெள்ளைப் பந்தலுக்கு ரெண்டுன்னு வைங்களேன்." அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒருத்தரும் தப்பாக அழுத்தியதில்லை. வெள்ளைப் பந்தல் என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? நான் முதலில் சொன்னதைத்தான் அவள் கொஞ்சம் சுற்றிச் சொல்லியிருக்கிறாள், இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்து அந்த வால். பேசி முடித்ததும் உங்கள் கம்பெனிக் குரல் ஒன்று தானாகவே வந்து, "அழைத்தமைக்கு நன்றி, மீண்டும் அழைக்கவும்" என்று சொல்லுமே, அது. மச்சான் பக்கத்துக்குச் சரி. என் பக்கத்தை நினைத்துப் பார்த்தீங்களா? குச்சனூரிலிருந்து ஒருத்தர் பெட்டிக்குச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பாக்கியைக் கொடுக்க வந்தவர் இந்த வாசலில் நின்று கத்துகிறார்: "எங்கய்யா செத்துக் கெடக்காரு, மறுக்கா கூப்பிடுங்கங்கிறியே, இன்னும் யாருக்கப்பா வேணும்?" நாங்கள் துக்க வீட்டில் பெட்டியை இறக்கி வைத்தோம் என்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே வந்துவிடுவோம். வர்றேன் என்ற பேச்சே கிடையாது. வண்டியைக்கூடச் சத்தம் போடாமல்தான் எடுப்போம். உங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டு அந்த வாலை எடுக்கச் சொன்னேன். ஒரு பெண், "சார், அது கஸ்டமருக்கு ஒரு மரியாதைக்காகச் சொல்றது சார்" என்றது.

"அம்மா, எங்க ஊர்ல சொல்லாமப் போறதுதாம்மா மரியாதை" என்றேன்.

அது என்ன நினைத்ததோ, சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு நட்சத்திரம் தாராளமாகப் போடுங்க. அந்தப் பெண்ணுக்கும் ஒன்று சேர்த்துப் போட முடியும் என்றால் போடுங்க.

இப்போது முக்கியமான விஷயம், டெஸ்ட். நான் ஒரு பொருளை வாங்குகிறேன் என்றால் சும்மா வாங்க மாட்டேன். நம்பர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தினமும் சோதித்துப் பார்த்தேன். சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்து, நம்பரைப் போட்டு, ஒன்றை அழுத்துவேன். இரண்டை அழுத்திப் பிரயோஜனம் இல்லை, என் போனிலிருந்து என் போனுக்கே எப்படி வரும்? அதனால் ஒன்று. வேறு காரணம் ஏதும் இல்லை.

"அலோ, ஜோதி சாமியானா" என்பார் மச்சான்.

நான் பேச மாட்டேன். பேசினால் அது டெஸ்ட் இல்லை, பேச்சு. குரல் தெளிவாக இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, சீக்கிரம் எடுக்கிறாரா, இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும். இதில் ஒரு தொந்தரவு பாருங்க, எதிராளி பேசாவிட்டால் யாராக இருந்தாலும் வைத்துவிடுவார்கள் இல்லையா? இவர் வைக்க மாட்டார். அலோ, அலோ என்று இரண்டு தடவை சொல்வார். அப்புறம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். கடைசியில் நான்தான் வைக்க வேண்டியிருக்கும். தொழில் செய்கிறவருக்கு நேரத்தின் அருமை தெரிய வேண்டாமா?

நடுவில் பக்கத்தில் இருக்கிற ஆட்களிடம் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். அதுவும் லைனில் சுத்தமாகக் கேட்கும், அதற்காகச் சொல்கிறேன். ஒரு நாள், "வெயிலு என்னா போடு போடுது. வெளிய தெருவ போறவுக தலையில ஒரு துண்டப் போட்டுக்கிட்டுப் போனா என்னவாம்" என்றார். லோடு ஏற்றுகிற ஆட்களைச் சொல்லியிருப்பார். எனக்கும் அன்றைக்கு வெயிலில் அலைந்து மண்டையிடி. இன்னொரு நாள், "பாப்பாவுக்குச் சளி விட்டுருச்சா என்னன்னு தெரியல" என்றார். யார் வீட்டுப் பாப்பாவோ. எங்கள் பாப்பாவுக்கும் அந்த வாரம் சளிதான். ஊரெல்லாம் சளி. எனக்குப் பதில் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. டெஸ்டில் இருக்கிறவன் எப்படிச் சொல்வது? மறுநாள் பாப்பாவைப் போனுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, "ஒண்ணாங்கிளாஸ் பாட்டு ஒண்ணு பாடு" என்றேன். அதுவும் டெஸ்ட்தான், சின்னக் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று. பாப்பா மூக்கடைப்பு இல்லாமல் நன்றாகப் பாடியது. அந்தப் பக்கம் மச்சான் யாரிடமோ, "அப்ப சரி" என்றார்.

ஒரு நாள் இருமினார். மறுநாளும் இருமினார். அதற்கடுத்த நாள் இருமிக்கொண்டேதான் அலோவே சொன்னார். நான் நேரே ஜோதியிடம் வந்து, "உங்கண்ணனுக்குத் தூதுவளை ரசம் கொஞ்சம் வச்சுக் கொண்டுபோய்க் குடு" என்றேன்.

"எதுக்காம்?"

"லைன் கரகரங்குது. கஸ்டமர் என்ன நெனப்பான்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "தெனமும் அழைப்பு தெளிவா இருக்கு, அழைப்பு சீக்கிரம் போகுதுங்கிறீங்க. அழைக்க வேண்டியவர அழைக்கிற வழியக் காணோமே" என்றாள். அவளுக்கு டெக்னிக்கல் சமாச்சாரம் புரியாது தம்பி. ரசம் மட்டும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாலைந்து நாளில் லைன் சரியாகிவிட்டது.

இன்னொன்று, அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. "கோவத்துல ஒரு எழுத்து கூட வந்துருது. வந்த பிறகு அத எந்தக் கொக்கியப் போட்டு உள்ள இழுக்கிறது?" என்றார் ஒரு நாள். எழுத்தா? பத்திரிகையில் ஏதோ அச்சுப்பிழை போலிருக்கிறது, யாருக்கோ ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், அதோடு என் ரிப்போர்ட் முடிந்தது. நேற்றும் ஒன்றை அழுத்தினேன். அலோ சொன்னார். அப்புறம், "வண்ணப் பந்தல் எல்லாம் ஏத்தி, கயிறு போட்டு, வண்டி தயாரா நிக்கிது. ஒரு வார்த்தை வந்தா கோயிலுக்குப் போயி எறக்கிற வேண்டியதுதான். அந்த வார்த்தை எங்க மாட்டிக்கிட்டு நிக்கிதுன்னுதான் தெரியல" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரோ ஒருத்தன் பந்தலுக்குச் சொல்லிவிட்டு உறுதி பண்ணாமல் இழுத்தடிக்கிறான் பாருங்க. முகூர்த்த நாளில் வண்டியைக் கட்டிப்போட்டு வைக்கிறது என்றால் சும்மாவா? "யாரு மச்சான் அந்தக் கிறுக்கன்?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. டெஸ்ட் என்பதால் அடக்கிக்கொண்டு வைத்துவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போதுகூட அதே நினைப்புதான். என்ன மனுஷனோ அவன்.

அவ்வளவுதான் தம்பி. மொத்தத்தில் குரல் தெளிவு, நன்று. நம்பர் திரும்புகிற வேகம், நன்று. குறை என்று சொன்னால்...

என்ன தம்பி, சிரிக்கிறீங்க?

இல்லை, சிரித்தீங்க. வாயைப் பொத்திக்கொண்டால் தெரியாதா? சொல்லுங்க.

எடுக்கிறவருக்கா? கூப்பிடுகிறது யாரென்று தெரியுமா? அதெப்படித் தெரியும்? எனக்கு எந்தப் போன் வந்தாலும் உங்கள் கம்பெனி நம்பர்தானே வருகிறது. இதோ பாருங்க, வரிசையாக ஒரே நம்பர்.

ஓ. செயலி போட்டிருந்தால் தெரியுமா? என்னுடையது பட்டன் போன், அதில் எங்கே போடுவது. ஆமாம், மச்சான் பெரிய போன்தான் வைத்திருக்கிறார். நீங்களே போய்ப் போட்டுக் கொடுத்தீங்களா? எப்போது? முதல் நாளேவா?

நம்பர் மட்டும்தானே வரும்?

பேரோடவா? என்ன பேர் போட்டு வைத்திருக்கிறார்?

மாப்ள என்றா?

கொஞ்சம் அந்தத் தண்ணிச் சொம்பை இப்படித் தள்ளுங்க தம்பி.

அப்போ அந்தத் துண்டு... அந்தச் சளி... பாப்பா பாட்டு பாடியதற்கு "அப்ப சரி" என்றாரே... ஒரு எழுத்து கூட வந்துவிட்டது என்றாரே, அது... அப்போ அந்தக் கிறுக்கன்...

சரி, அது இருக்கட்டும். நீங்க சொல்வதை நான் அப்படியே நம்பிவிட முடியாது. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் சொல்வீங்க. சோதித்துப் பார்த்துவிடுவோம், இங்கேயே, உங்கள் கண் முன்னாலேயே. ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் கேளுங்க. வியர்க்கவில்லை தம்பி, ஃபேன் மெதுவாக ஓடுகிறது. போகிறது. ஜோதி பேசுகிறாள். இதோ ஒன்று அழுத்தியாச்சு. மணி அடிக்கிறது, கேட்கிறதா?

எடுத்துட்டார்.

"அலோ, ஜோதி சாமியானா."

உஷ், நீங்க பேசாதீங்க.

"அலோ... ம். இன்னைக்கு என்ன சீக்கிரமே வந்துருச்சு. டீ குடிக்கலையாட்டம் இருக்கு."

தம்பி, என்ன தம்பி இப்படிப் பார்க்கிறீங்க? டெஸ்ட் முடிந்துவிட்டது, உண்மைதான், தெரிகிறது அவருக்கு. வைத்துவிடலாம்தான். வைக்கிறேன். இருங்க.

"ம... மச்சான்."

சத்தமே இல்லையே. கட் ஆயிற்றா? இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போதும் அவர் வைக்கவில்லை பாருங்க.

"டெஸ்ட்டா மாப்ள?"

"இல்ல மச்சான். டெஸ்ட் இல்ல. வந்து... புதன்கிழமை பாப்பாவுக்குக் காது குத்துறோம்."

"அப்படியா? சந்தோசமுங்க. எங்க வச்சு? பந்தல் எத்தன காலுக்கு வேணும்? வாசல்ல தோரணம் கட்டணுமா?"

சிரிக்கிறார் தம்பி. வேண்டுமென்றே கேட்கிறார். குரல் மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது, மறுபடி இருமல் வரப்போகிறதோ என்னவோ.

"பந்தல் கெடக்கட்டும் மச்சான். மொதல்ல நீங்க வாங்க."